டர்போ வேண்டுமா, வேண்டாமா? ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி-பதில்

ஒரே ஸ்போர்ட்ஸ் காரின் டர்போ மாடலையும் டர்போ இல்லாத மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை எடுப்பது என்று கேட்கும் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. டர்போ என்பது இன்ஜினிலிருந்து வெளியேறும் எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி. அது இல்லாமல் வெளிக்காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் இன்ஜினை, நீங்கள் எழுதுவதுபோலவே ‘என்.ஏ.’ என்று சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: போர்ஷே 911 கரேரா எஸ் காரின் என்.ஏ. மாடலுக்கும், அதற்கு அடுத்து வந்த டர்போ மாடலுக்கும் பவரில் 20 குதிரைத்திறன்தான் வித்தியாசம். ஆனால் ஓட்டியவர்கள் டர்போ எங்கேயோ இருக்கிறது என்கிறார்கள். எப்படி?

பவரை விட்டுவிட்டு டார்க்கை, அதாவது இன்ஜினின் சுழற்றும் விசையை, பாருங்கள். 3.8 லிட்டர் என்.ஏ. இன்ஜினில் 400 குதிரைத்திறன், 440 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த 440 முழுதாகக் கிடைப்பது 5,600 ஆர்பிஎம்-ல் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்றுகள்). 2015-ல் அறிமுகமான 3.0 லிட்டர் இரட்டை டர்போ இன்ஜினில் 420 குதிரைத்திறன், டார்க் 500. இது 1,700 ஆர்பிஎம்-லேயே வந்து, 5,000 வரை அப்படியே நிற்கும்.

சாலையில் போகும்போது ஆர்பிஎம் காட்டும் டேக்கோமீட்டர் முள் பெரும்பாலும் 2,000-க்கும் 4,000-க்கும் நடுவில்தான் இருக்கும். அந்த இடத்தில் என்.ஏ. இன்ஜினிடம் முழு வேகம் கேட்டால் ஒன்றிரண்டு கியர் இறக்க வேண்டும். டர்போவில் காலை அழுத்தினாலே போதும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் பவரைவிட, அதற்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும் ஆர்பிஎம் எண்தான் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் குணத்தைச் சொல்லும். கார் வாங்கப் போகும் எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: டர்போ லேக் எல்லாம் பழைய கதை, இப்போது கிடையாது என்கிறார் என் நண்பர். சரியா?

லேக் என்றால், காலை அழுத்தியதற்கும் டர்போவின் பலம் வருவதற்கும் நடுவில் உள்ள தாமதம். அது ரொம்பவே குறைந்திருக்கிறது, முழுக்கப் போய்விடவில்லை. நீங்கள் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள்; எக்ஸாஸ்ட் வாயு கூடுகிறது; அது டர்பைனை வேகமாகச் சுழற்றுகிறது; அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இது வரிசையாகத்தான் நடந்தாக வேண்டும். நேரத்தைச் சுருக்கலாம், வரிசையை மாற்ற முடியாது.

1970-களின் நடுவில் வந்த முதல் 911 டர்போவில் இந்தத் தாமதம் எவ்வளவு என்பதை அந்தக் காலத்து ஓட்டுநர்கள் நன்றாகவே அறிவார்கள். 260 குதிரைத்திறன், பின்சக்கர டிரைவ், பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்கும் இன்ஜின். வளைவின் நடுவில் காலை வைத்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஸ்டியரிங்கை நேராக்குவதற்குள் எல்லாம் மொத்தமாக வந்து விழும். பயந்துபோய்க் காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின்பக்கம் பிடியை இழந்து வெளியே போய்விடும்.

இன்று டர்பைன்கள் சிறியவை, எடை குறைந்தவை. எக்ஸாஸ்ட் வாயுவை இரண்டு தனி வழிகளில் டர்பைனுக்கு அனுப்பும் ட்வின்-ஸ்க்ரோல் வந்துவிட்டது. சில கார்களில் டர்பைனுக்குப் போகும் வாயுவின் திசையை மாற்றும் நகரும் இதழ்கள் இருக்கின்றன. 2024-ல் வந்த 911 கரேரா ஜிடிஎஸ் காரில் டர்போவின் தண்டிலேயே ஒரு மின்மோட்டார் உண்டு. எக்ஸாஸ்டுக்குக் காத்திருக்காமல் அது டர்போவைச் சுழற்றிவிடும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. பிரச்சினையின் வேரிலேயே கை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் நண்பரோடு இதைப் பேசித் தீர்க்க வேண்டாம், ஓட்டிப் பாருங்கள். 1,300 ஆர்பிஎம்-ல் அழுத்திவிட்டு லேக் என்று சொல்லாதீர்கள். அங்கே டர்போவுக்குத் தேவையான எக்ஸாஸ்டே கிடையாது. மூன்றாவது கியரில் 3,500-ல் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று அழுத்துங்கள். அழுத்தியதற்கும் முதுகு சீட்டில் பதிவதற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் லேக்.

கேள்வி: பழைய கார் சந்தையில் இரண்டு 718 கேமன் ஜிடிஎஸ் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2.5 லிட்டர் டர்போ, இன்னொன்று 4.0 லிட்டர் என்.ஏ. எதை எடுக்கலாம்?

டர்போவா, என்.ஏ.வா என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த ஜோடி கிடைக்காது. பெயர் ஒன்று, உடல் ஒன்று, இன்ஜின்தான் வேறு. 2.5 லிட்டரில் நான்கு சிலிண்டர், 365 குதிரைத்திறன். 4.0 லிட்டரில் ஆறு சிலிண்டர், 400 குதிரைத்திறன். மேனுவல் கியர்பாக்ஸில் இரண்டின் டார்க்கும் அதே 420 நியூட்டன் மீட்டர்தான். டர்போவில் அது 1,900 ஆர்பிஎம்-ல் தொடங்கும், என்.ஏ.வில் 5,000 ஆக வேண்டும்.

2016-ல் 718 வந்தபோது போர்ஷே ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் டர்போவைக் கொண்டுவந்தது. வேகத்தில் யாருக்கும் குறை இல்லை. சத்தத்தைத்தான் பலராலும் ஏற்க முடியவில்லை. பிறகு 4.0 லிட்டர் என்.ஏ. ஜிடிஎஸ் வந்ததும், இருக்கும் மாடலையே மாற்றி எழுதியதுபோல் ஆகிவிட்டது.

நானாக இருந்தால் 4.0 எடுப்பேன். காலின் அசைவுக்கும் இன்ஜினின் பதிலுக்கும் நடுவில் யாருமே இல்லை என்ற உணர்வு அதில் உண்டு. வளைவின் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அழுத்தினால் ஒரு மில்லிமீட்டருக்கு உரியது வரும். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு எடுங்கள்: இதன் கியர்கள் ரொம்ப நீளம். இரண்டாவது கியரில் கடைசிவரை போனால் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இன்ஜினின் சிறந்த பகுதி இருப்பதோ 5,000-க்கு மேலே, 7,800 வரை. பொதுச் சாலையில் அங்கே போய்வர வாய்ப்பு குறைவு. தினமும் அலுவலகம் போய்வருவதற்கும் இதே கார்தான் என்றால், கீழேயே பலம் இருக்கும் 2.5-ஐ எடுத்தால் வருத்தப்பட மாட்டீர்கள். விலையிலும் பொதுவாக அதுதான் குறைவாகக் கிடைக்கும்.

கேள்வி: டர்போ கார்களின் சத்தம் ஏன் அமுங்கிப்போகிறது?

எக்ஸாஸ்ட் வழியில் டர்பைன் குறுக்கே நிற்கிறது. சிலிண்டரிலிருந்து வரும் ஒவ்வொரு துடிப்பின் சக்தியிலும் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்வதால், கூர்மையான சுருதி மழுங்கிவிடுகிறது. பெரும்பாலும் ரெட்லைனும், அதாவது இன்ஜின் போகக்கூடிய உச்ச ஆர்பிஎம்மும், கீழே இறங்கும். ஃபெராரி 458-ன் என்.ஏ. வி8 9,000 ஆர்பிஎம் வரை போகும். அதன் இடத்துக்கு வந்த 488-ன் டர்போ வி8 8,000-ல் நின்றுவிடும்.

அந்த 488-ல் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அதன் 760 நியூட்டன் மீட்டர் டார்க்கும் முழுதாகக் கிடைப்பது ஏழாவது கியரில் மட்டும்தான். கீழ் கியர்களில் கணினி அதைக் குறைத்து, ஆர்பிஎம் ஏற ஏறக் கூடும்படி வைத்திருக்கிறது. கையில் இவ்வளவு டார்க்கை வைத்துக்கொண்டு, என்.ஏ. இன்ஜின் மாதிரி உணர வேண்டும் என்பதற்காகவே அதைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: உயரமான மலைப்பாதைகளில் அடிக்கடி ஓட்டுகிறேன். எது நல்லது?

டர்போ, யோசிக்கவே வேண்டாம். மேலே போகப் போகக் காற்று மெலிவதால், ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் என்.ஏ. இன்ஜின் சுமார் 10 சதவீதம் பவரை இழக்கும். டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழன்று அந்தக் குறையில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடும்.

கேள்வி: சின்ன டர்போ இன்ஜின்தானே, மைலேஜ் கூடக் கிடைக்காதா?

மெதுவாக ஓட்டினால் கிடைக்கும். விரட்டினால் கிடைக்காது. டர்போ உள்ளே தள்ளும் கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போய்த்தான் ஆக வேண்டும். முழு வேகத்தில் டர்பைனும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூட்டில் கெடாமலிருக்க, பல இன்ஜின்கள் தேவைக்கு மேலேயும் பெட்ரோல் ஊற்றும். ஸ்போர்ட்ஸ் காரை விரட்டத்தானே வாங்குகிறோம்? மைலேஜை வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் 2.0 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 (என்.டி. தலைமுறை) இருக்கிறது. வெளியே டர்போ கிட் வாங்கிப் போடலாமா?

போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது, 13:1. டர்போவோடு பிறந்த இன்ஜின்களில் இது பெரும்பாலும் 9-க்கும் 10.5-க்கும் நடுவில்தான் இருக்கும், ஏனென்றால் ஏற்கெனவே அழுத்திய காற்றை சிலிண்டருக்குள் மேலும் அழுத்தினால் நாக்கிங், அதாவது எரிபொருள் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது, வரும். நாக்கிங் ஒரு பிஸ்டனைச் சில நிமிடத்திலேயே உடைத்துவிடக்கூடியது. அதனால் டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட்டைக் குறைவாக வைத்து, ஆக்டேன் கூடிய பெட்ரோல் போட்டு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு-வைக் கவனமாக ட்யூன் செய்ய வேண்டும். அப்புறம் கிளட்ச், கூலிங், கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகச் செலவு வரும்.

இதே காரின் அடித்தளத்தில் ஃபியட் 124 ஸ்பைடர் என்று ஒன்று, 1.4 லிட்டர் டர்போவோடு வந்தது. டர்போதான் ஆசை என்றால் அதைத் தேடிப் பிடிப்பது நல்லது. ஆனால் உங்கள் மாஸ்டாவை அப்படியே விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்கிப் போடச் சொல்வேன். அந்தக் காருக்கு அதுதான் பொருத்தம்.

கேள்வி: டர்போ காரை நிறுத்தியதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட வேண்டுமா?

பழைய கார்களில் கட்டாயம். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும், அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். சூடாக இருக்கும்போதே இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, பேரிங்கில் தங்கிய ஆயில் கருகிப் படியும். இப்போது வரும் பல கார்களில், இன்ஜின் நின்ற பிறகும் டர்போவுக்குத் தண்ணீர் அனுப்ப மின் பம்ப் இருக்கிறது. அப்படியானாலும் ரேஸ் டிராக்கில் ஓட்டினால் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஆயிலை, கம்பெனி சொல்லும் கிரேடில், சொல்லும் கெடுவுக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். பழைய டர்போ கார் வாங்குகிறீர்கள் என்றால் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது அந்த ஆயில் மாற்றிய ரசீதுகளைத்தான்.