பாலாவில் ஒரு வருடம்: வேல்ஸ் ஊழியம் பற்றி நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

என் கணவர் சி.எஸ்.ஐ. போதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் 32 வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். பணி ஓய்வுக்குப் பிறகு பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டின் வடக்கே, பாலா என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள சபைகளில் 12 மாதம் உதவி ஊழியம் செய்துவிட்டு வந்தோம். அதைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

டீச்சர், ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்? தினமும் பிரசங்கமா? (பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி)

இல்லைம்மா. பிரசங்கம் ஞாயிறு மட்டும்தான், அதுவும் எல்லா ஞாயிறும் கிடையாது. மற்ற நாளெல்லாம் வீடு சந்திப்பு. காலையில் நாங்கள் இருவரும் ஜெபம் முடித்து, ஒரு மணி நேரம் வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷ் பாடம் படிப்போம். பத்தரைக்குக் கிளம்பினால் இரண்டு வீடு, மிஞ்சினால் மூன்று வீடு. அதற்கு மேல் முடியாது. போன வீட்டில் எல்லாம் "பானட்" கொடுப்பார்கள். வடக்கு வேல்ஸில் ஒரு கோப்பை டீக்கு அதுதான் பெயர். டீயோடு பாரா ப்ரித், அதாவது உலர்திராட்சை போட்ட ரொட்டி, வெண்ணெய் தடவி வரும். வேண்டாம் என்று எழுந்துவிட்டால் அவர்களுக்கு மனசு கஷ்டப்படும். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.

நாங்கள் பார்த்த பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். ஆட்டுப்பண்ணைக்காரர்கள், பண்ணையை மகனிடம் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கும் பாட்டிமார். பேசுவது கால்மூட்டு வலியும் மழையும் செத்துப்போன நாயும்தான். முதல் மாதம் என் கணவர் ராத்திரி படுக்கும்போது, "இன்றைக்கு நாம் என்ன ஊழியம் செய்தோம்?" என்று கேட்பார். மூன்றாம் மாதம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். அந்தப் பாட்டிமாரில் ஒருவர், "நீங்கள் வரும் செவ்வாய்க்கிழமைக்காகத்தான் நான் தலை வாரிக்கொள்கிறேன்" என்று சொன்ன பிறகு.

விசா, செலவு விவரம் சொல்லுங்கள் அக்கா. நாங்களும் 60 தாண்டிவிட்டோம்.

நாங்கள் போனது அறப்பணியாளர் (சாரிட்டி வொர்க்கர்) விசாவில். அதிகபட்சம் 12 மாதம். சம்பளம் வாங்கக்கூடாது, நியாயமான செலவுத்தொகை மட்டும் வாங்கலாம். அழைக்கும் சபைக்கோ அமைப்புக்கோ ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டும். அதை முதலில் கேட்டுவிடுங்கள். இங்கிருந்து ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் காட்ட வேண்டும். மருத்துவக் கட்டணமாக ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு 1,035 பவுண்டு விண்ணப்பத்தோடு கட்டினோம். கையைக் கடிக்கும் தொகைதான். ஆனால் அதன் பிறகு டாக்டரைப் பார்க்கப் பணம் கிடையாது. வேல்ஸில் 2007 முதல் மருந்துச் சீட்டுக்கும் காசு வாங்குவதில்லை. என் கணவருக்குச் சர்க்கரை, எனக்குப் பிரஷர். இரண்டு பேருடைய மாத்திரைக்கும் ஒரு பென்னி கொடுக்கவில்லை.

வேல்ஸில் குடியிருக்கும் 60 வயதானவர்களுக்கு உள்ளூர் பஸ் இலவசம். கார் ஓட்டுகிறவர்கள் இந்திய லைசென்ஸில் 12 மாதம் ஓட்டலாம். ஊருக்குள் பெரும்பாலும் மணிக்கு 20 மைல்தான் வேகம். 2023 செப்டம்பரில் வந்த சட்டம் அது.

பாஸ்டரம்மா, நமக்குச் சுவிசேஷம் கொண்டுவந்த நாட்டுக்கே நாம் திரும்பப் போய்ச் சொல்கிறோம் என்பது எவ்வளவு பெருமை! அங்கே சபைகள் எல்லாம் காலியாமே?

தம்பி, இதில் இரண்டு திருத்தம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக்கூடாது.

முதலாவது, தமிழருக்கு வந்தவர்கள் வேறு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஜெர்மன்காரர். வேல்ஸ் மிஷனரிமார் முக்கியமாகப் போனது வடகிழக்கு மலைகளுக்கு. தாமஸ் ஜோன்ஸ் தன் மனைவியோடு 1841இல் சிரபுஞ்சி போய்ச் சேர்ந்தார். மேகாலயா மலைகளில் வாழும் காசி இன மக்களின் மொழியை வெல்ஷ் எழுத்துமுறையை ஒட்டி ரோமன் எழுத்தில் எழுதியவர் அவர். வெல்ஷில் 'ங்' ஒலிக்கு இரண்டு குறி சேர்ந்து ஒரே எழுத்தாக நிற்கும். காசி அரிச்சுவடியிலும் அது இன்றைக்கும் அப்படியே தனி எழுத்து. 1904இல் லௌகர் என்ற ஊரில் இவான் ராபர்ட்ஸ் என்ற இளம் பிரசங்கியாரின் நாட்களில் தொடங்கிய எழுப்புதல், அதாவது மக்கள் கூட்டம் கூட்டமாக விசுவாசத்துக்குத் திரும்பிய அலை, அடுத்த வருடமே காசி மலைக்குப் போய்விட்டது. அங்கிருந்து மிசோரம். இன்றைக்கு மிசோ சபைகளே வேல்ஸுக்கு ஊழியரை அனுப்பியிருக்கின்றன. திரும்பப் போகிறோம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. நாங்கள் போனது கூட இருந்து உதவத்தான்.

இரண்டாவது, காலி என்பது பாதி உண்மை. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் மதம் எதுவுமில்லை என்று சொன்னவர்கள் 46.5 சதவீதம், கிறிஸ்தவர் என்றவர்கள் 43.6 சதவீதம். நாங்கள் உதவிய ஒரு ஆலயத்தில் 400 பேர் உட்காரலாம். வருவது பன்னிரண்டு பேர். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேர் நான்கு குரலில் பாடும்போது, அந்த 400 இடமும் நிறைந்திருந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் கேட்டது. அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். ஒரு பண்ணைக்காரர் மார்ச், ஏப்ரல் முழுக்க ஆடு ஈனும் காலத்தில் ராத்திரி தூங்காமல் கொட்டிலில் இருப்பார். ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வந்து, பிரசங்க பீடத்துக்குக் கீழே மூப்பர்கள் உட்காரும் பெரிய இருக்கையில் உட்கார்ந்துவிடுவார். நாம் போய் அவருக்கு எதைப் புதிதாகச் சொல்வது?

ஆங்கிலம் போதும்தானே? எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமே. (டொராண்டோவிலிருந்து ஒருவர்)

தெரியும். அதுதான் சிக்கல். நான் அதிகம் சொல்ல நினைப்பதும் இதைப் பற்றித்தான்.

முதல் புதன்கிழமை வேதபாடக் கூட்டத்துக்குப் போனோம். உள்ளே நுழையும்போது எல்லாரும் வெல்ஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்ததும் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியது. ஜெபமும் ஆங்கிலத்தில். மரியாதைக்காகச் செய்தார்கள். நாங்களும் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தோம். இப்படி ஒரு மாதம் போனது. ஒரு நாள் வயதான ஒருவர் ஆங்கிலத்தில் ஜெபம் பண்ணும்போது பாதியில் நின்றுவிட்டார். வார்த்தை வரவில்லை. எண்பது வருடமாக அவர் ஆண்டவரோடு பேசிய மொழி வேறு. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் இரண்டு பேர் அந்த அறையில் உட்கார்ந்ததால், பன்னிரண்டு பேர் தங்கள் ஜெப மொழியை வாசலுக்கு வெளியே வைக்க வேண்டியிருந்தது. தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு இது ஒரு மாதம் தெரியாமல் போனது வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டோம்: நீங்கள் வெல்ஷிலேயே பேசுங்கள், எங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, பைபிளில் இடம் தெரிந்தால் போதும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நம்பினார்கள்.

அவர்களுடைய தயக்கத்துக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசினாரோ அவர் கழுத்துக்கு அது மாறும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் முழுவதிலும் வெல்ஷ் பேசுகிறவர்கள் சுமார் 5,38,000 பேர், நூற்றுக்குப் பதினெட்டுக்கும் கொஞ்சம் குறைவு. பாலா இருக்கும் குவினெத் பகுதியில் மட்டும் 64 சதவீதம்.

போகிறவர்கள் வெல்ஷ் கற்றுக்கொண்டு போங்கள். டியோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில்கூட இருக்கிறது. பிழையாகப் பேசினாலும் பேசுங்கள்.

அந்த மொழி கஷ்டமா டீச்சர்?

தமிழருக்குச் சில இடங்களில் சுலபம். நீ, நீங்கள் வித்தியாசம் அவர்களுக்கும் உண்டு: "தி", "ஹி" (இந்த 'ஹி' தொண்டையிலிருந்து வர வேண்டும்). பெரியவர்களிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

புணர்ச்சியும் உண்டு. நம்மிடம் சொல்லும் சொல்லும் சேரும்போது இடையில் எழுத்து மாறும் இல்லையா, அவர்களுக்குச் சொல்லின் முதல் எழுத்தே மாறும். ஊர் பெயர் பாங்கோர். "பாங்கோரில்" என்றால் மாங்கோர் ஆகிவிடும். "பாங்கோரிலிருந்து" என்றால் வாங்கோர். முதல் வாரம் மூன்றும் மூன்று ஊர் என்று என் கணவர் வரைபடத்தில் தேடினார்.

ஊர்ப் பெயர்களின் தொடக்கத்தில் வரும் 'லான்' என்பதன் முதல் ஒலி நம்முடைய ல இல்லை. ல சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் இரண்டு பக்கமும் காற்றை ஊத வேண்டும். நான் ஒரு பாட்டிக்கு ழ சொல்லிக்கொடுத்தேன், அவர் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேருக்கும் வர ஒரு மாதம் ஆயிற்று.

மேரி ஜோன்ஸ் பைபிள் வாங்க நடந்துபோன பாலாவா அது? ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை!

அதே பாலாதான். 1800இல், பதினைந்து வயதுப் பெண், காதைர் இத்ரிஸ் மலையடிவாரத்து லான்விஹாங்கலிலிருந்து சுமார் 26 மைல். பாலாவில் இருந்த போதகர் தாமஸ் சார்ல்ஸிடம் வெல்ஷ் பைபிள் வாங்க. அதன் தொடர்ச்சியாகத்தான் 1804இல் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் தொடங்கியது என்று சொல்வார்கள். அவள் வாங்கிய பைபிள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பாலாவை அடுத்த லானிகிலில், தாமஸ் சார்ல்ஸ் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் உள்ள பழைய ஆலயத்திலேயே அவள் கதையைச் சொல்லும் காட்சியகம் இருக்கிறது. ஏரிக்கரையில் இருக்கிறது, அவசியம் பாருங்கள்.

அவர்களுக்கு மனசில் ஆறாத காயம் ஏதாவது உண்டா? பேசும்போது எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

நல்ல கேள்வி. காப்பெல் கெலின்.

பாலாவுக்கு அருகே டிரவெரின் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு கிராமம் இருந்தது. ஆலயம், பள்ளி, தபால் நிலையம், பண்ணைகள், எல்லாம் வெல்ஷ் பேசும் ஊர். லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1957இல் லண்டன் பாராளுமன்றம் சட்டம் போட்டது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் நிறைவேறியது. அணை கட்டித் தண்ணீர் தேக்கியதில் 1965இல் ஊர் முழுகிவிட்டது. லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005இல்.

அந்த வட்டாரத்தில் பிறந்த ஒரு அம்மாவை நாங்கள் சந்தித்து வந்தோம். நான்கு மாதம் அவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கோடையில் அந்த அணை ஏரியில் தண்ணீர் இறங்கியபோது, தன்னைக் காரில் அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். கரையில் நின்று, "பாதை அங்கே இருந்தது" என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான். ஆலயத்தின் கற்களை எடுத்து அங்கே ஒரு நினைவு ஆலயம் கட்டியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். சரி என்று சும்மா இருந்தோம்.

அதனால் முழுகிய ஊர் என்று தெரியாமல், அந்த ஏரியை "எவ்வளவு அழகு!" என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

சாப்பாடு?

அரிசி, பருப்பு எங்கும் கிடைக்கிறது. கறிவேப்பிலை, இட்லி அரிசிக்கு டி3 பஸ் பிடித்து ரெக்ஸாம் பக்கம் போவோம். ஆட்டுக்கறி பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு நாள் ஆலயத்து அறையில் நான் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் வைத்தேன். சட்டி காலி.

குளிரை எப்படித் தாங்கினீர்கள்? எனக்கு மூட்டுவலி உண்டு.

டிசம்பரில் காலை எட்டேகாலுக்குத்தான் சூரியன், நான்கு மணிக்கு இருட்டு. குளிரைவிட அந்த இருட்டுதான் என்னை வாட்டியது. கிராமத்து வீடுகளில் சூடேற்றத் தொட்டியில் எண்ணெய் நிரப்ப வேண்டும். தொட்டியின் அளவைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி தீர்ந்துவிட்டது. எண்ணெய் லாரி ஐந்து நாள் கழித்துத்தான் வரும் என்றார்கள், 500 லிட்டருக்குக் குறைந்தால் கிடையாது. பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரில் விறகு கொண்டுவந்து இறக்கிவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் போனார். மூட்டுவலி இருந்தால் மே மாதம் போய்ச் சேருகிற மாதிரி திட்டமிடுங்கள். உடம்பு பழக நாள் கிடைக்கும்.

கிறிஸ்துமஸ் எப்படி?

"பிளகைன்" என்று ஒன்று உண்டு. பழைய காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று விடியலுக்கு முன் மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள் கூடுவார்கள். இப்போது பெரும்பாலும் சாயங்காலம். கருவி இசை கிடையாது. அறிவிப்பும் கிடையாது. குடும்பமாக, நண்பர்களாக இரண்டு மூன்று பேர் எழுந்து முன்னே போய்ப் பாடிவிட்டு உட்காருவார்கள். உடனே அடுத்த குழு. ஒருவர் பாடியதை அன்றைக்கு இன்னொருவர் பாடக்கூடாது. கைதட்டல் இல்லை. நம் ஊரில் பனியில் சால்வை போர்த்திக்கொண்டு நான்கு மணி ஆராதனைக்குப் போன ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்ததும் எல்லாருக்கும் சாப்பாடு.

இப்போதும் தொடர்பு இருக்கிறதா அக்கா?

இருக்கிறது. ஜெபத்தில் பாதியில் நின்றார் என்று சொன்னேனே, அந்தப் பெரியவர் வியாழக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். போன வாரம் பேத்திக்குக் குழந்தை பிறந்ததைச் சொன்னார். எனக்கு முதல் தடவை புரியவில்லை. அவர் ஆங்கிலத்துக்கு மாறவில்லை. அதையே வெல்ஷில் இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னார்.