தொற்று நோயாளியை ஹெலிகாப்டரில் ஏற்றலாமா? ஒரு மருத்துவரின் பதில்கள்

வான்வழி ஆம்புலன்ஸில் பணியாற்றும் தீவிர சிகிச்சை மருத்துவர் நான். தொற்றுநோய் உள்ளவர்களை ஹெலிகாப்டரில் கொண்டுசெல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

விமானத்தில் காற்றை வடிகட்டும் வசதி இருக்கிறதே, ஹெலிகாப்டரில் கிடையாதா? (கல்லூரி மாணவி, திருச்சி)

கிடையாது. பெரிய பயணிகள் விமானத்தில் மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உண்டு. மணிக்கு 20 முறையாவது உள்காற்று முழுவதும் மாறிவிடுகிறது. ஹெலிகாப்டரில் காற்று எந்தப் பக்கம் ஓடும் என்பதை வேகமும் திறந்திருக்கும் ஜன்னலும் தீர்மானிக்கின்றன. விமானிக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு தடுப்புகூட இருக்காது. அதனால்தான் சார்ஸ் பரவிய காலத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், இத்தகைய வாகனத்தில் இருக்கும் அனைவரும் என்-95 முகக்கவசம் அணிய வேண்டும் என்றது. வெளிக்காற்று வரும் வழியை முழுக்கத் திறந்து, உள்காற்றையே சுழலவிடும் விசையை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் அந்தரத்தில் செய்யக்கூடியது அதிகம் இல்லை. எல்லாவற்றையும் தரையிலேயே முடித்தாக வேண்டும்.

எல்லாத் தொற்றுக்கும் ஒரே ஏற்பாடுதானா டாக்டர்? (செவிலியர், சேலம்)

இல்லை. காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவை காற்றில் பரவுபவை. தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் என்-95-ஐவிட முக்கியமான ஒன்று, ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ளவரைப் பணிக்கு அனுப்புவது. பணிப் பட்டியலில் யார் தடுப்பூசி போட்டவர் என்பது அழைப்பு வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மெனிங்கோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் என்றால் எச்சில் துளிகளே ஆபத்து. சாதாரண அறுவை முகக்கவசம் போதும். கூடப் பறந்த எல்லோருக்கும் தடுப்பு மாத்திரை கொடுக்கும் வழக்கம் தேவையற்றது. முகக்கவசமின்றி நோயாளிக்குச் சுவாசக் குழாய் செருகியவர், முகத்தில் நோயாளியின் சளி தெறிக்கப்பெற்றவர் போன்றோருக்கே அது வேண்டும். சி. டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கு என்றால் கையுறையும் மேலங்கியும் அணியுங்கள். வேலை முடிந்ததும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கையைக் கழுவுங்கள். சானிடைசர் அந்தக் கிருமியின் விதை போன்ற ஸ்போர்களை ஒன்றும் செய்யாது.

நிபா, எபோலா போன்றவை வந்தால் என் முதல் கேள்வி, பறக்கத்தான் வேண்டுமா என்பது. சில மணி நேரச் சாலைப் பயணத்தில் முடியுமானால் சாலையே மேல். அவசரம் வந்தால் ஆம்புலன்ஸை ஓரங்கட்டி நிறுத்தலாம்.

ஏற்றுவதற்கு முன்பே செயற்கைச் சுவாசக் குழாய் செருகிவிடுவது நல்லது என்கிறார்களே? (மயக்கவியல் பயிற்சி மருத்துவர், மதுரை)

பாதி உண்மை. வழியில் மூச்சுத் திணறல் முற்றக்கூடியவர் என்று தெரிந்தால் ஆம், மருத்துவமனையிலேயே செருகிவிடுங்கள். அதிவேக ஆக்சிஜனோ இறுக்கமான முகமூடி வழிச் சுவாசமோ அந்தச் சின்ன அறைக்குள் கிருமியை இறைக்கும். ஆனால் நிலையாக இருப்பவருக்கு நம்முடைய பயத்துக்காகக் குழாய் செருகுவது தவறு. கோவிட் தொடக்கத்தில் பல இடங்களில் அப்படி நடந்தது. பிறகு மருத்துவ உலகமே அதிலிருந்து பின்வாங்கியது.

குழாய் உள்ளவரிடம் ஆபத்தான நேரம், மருத்துவமனை வென்டிலேட்டரிலிருந்து பயண வென்டிலேட்டருக்கு மாற்றும் சில நொடிகள். வைரஸ் வடிகட்டியைக் குழாயின் வாயிலேயே பொருத்துங்கள். மூச்சு விட்டு முடிந்ததும் குழாயைக் கவ்வியால் இறுக்கி, பழைய கருவியை நிறுத்துங்கள். பிறகு வடிகட்டிக்கு அப்பால் கழற்றுங்கள். வடிகட்டி நோயாளியோடு இருக்க வேண்டும், கருவியோடு போகக் கூடாது. புதிய கருவி ஓடத் தொடங்கிய பிறகே கவ்வியை எடுங்கள். தானாக மூச்சுவிட முயலும் நோயாளியின் குழாயைக் கவ்வக் கூடாது. முதலில் போதிய மயக்கமும் தசைத் தளர்வும் கொடுங்கள்.

விமானப்படை 60,000 ரூபாயில் தனிமைப்பெட்டி செய்தது என்றார்கள். நம்பலாமா? (பொறியாளர், கோவை)

நம்பலாம். 2020 ஜூனில் விமானப்படை அறிமுகப்படுத்திய, நோயாளியை உள்ளே படுக்கவைத்து மூடும் 'அர்பித்' பெட்டி அது. சண்டிகரில் உள்ள 3-ஆம் எண் பழுதுநீக்கும் தளத்தில் உருவானது. எச்-13 தர ஹெபா வடிகட்டி கொண்டது. இறக்குமதிப் பெட்டிக்கு 60 லட்சம் வரை ஆகும் என்று அப்போது சொன்னார்கள். தத்துவம் எளிது: மின்விசிறி உள்காற்றை வடிகட்டி வழியே வெளியே இழுக்கிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, எங்காவது சிறு கசிவு இருந்தாலும் காற்று உள்நோக்கியே போகும். நார்வேயின் எபிஷட்டில் பெட்டியும், சுவிட்சர்லாந்தின் ரேகா மீட்புச் சேவை தானே வடிவமைத்த உறையும் இதே வழிதான்.

பெட்டி வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். கையுறைத் துளை வழியே ஊசி போடலாம், சளி உறிஞ்சலாம். நழுவிய சுவாசக் குழாயை மறுபடி செருகுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அப்போது பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்பதைப் புறப்படும் முன்பே குழுவாகப் பேசி முடிவு செய்யுங்கள். மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பாருங்கள். விழிப்போடு இருக்கும் நோயாளிக்கு உள்ளே பீதி வரும். கண்ணில் படும் இடத்தில் ஒருவர் உட்காருங்கள்.

விமானியும் முழுப் பாதுகாப்பு உடை அணிய வேண்டுமா? (பெயர் வேண்டாம்)

முகக்கவசம் கட்டாயம். பிளாஸ்டிக் மேலங்கி கூடாது. தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும். அவருடைய பறக்கும் உடை தீயைத் தாங்கத் தைக்கப்பட்டது. என்-95-இன் மேல் மைக் வைத்தால் குரல் மங்கும் என்பதால், இன்ஜினை இயக்கும் முன்பே அதைச் சோதியுங்கள். இறக்கை சுழலும்போது நோயாளியை ஏற்றாதீர்கள். அந்தக் காற்றில் தலையுறை, மேலங்கி நாடா எல்லாம் பறக்கும். அவற்றில் ஒன்று இன்ஜினுக்குள் போனால் தொற்று பற்றிப் பேச ஆள் இருக்காது.

உறவினர் கூட வரலாமா?

பெரும்பாலும் இல்லை. தட்டம்மைக் குழந்தையின் தாய் விதிவிலக்கு: ஏற்கெனவே அந்தக் கிருமியோடு இருந்தவர், குழந்தையை அமைதிப்படுத்துவதும் அவர்தான். முகக்கவசத்தோடு ஏற்றிக்கொள்வேன்.

பிளீச்சிங் கரைசல் தெளித்துச் சுத்தம் செய்தால் போதாதா? (மருத்துவமனை மேலாளர், வேலூர்)

தயவுசெய்து வேண்டாம்! குளோரின் அலுமினியத்தை அரிக்கும், சீட் பெல்ட்டின் நாரைப் பலவீனமாக்கும். ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக் ஜன்னலில் மெல்லிய விரிசல்கள் ஓடும். ஹெலிகாப்டர் தயாரிப்பாளர் அனுமதித்த மருந்தை மட்டும் பயன்படுத்துங்கள். தெளிக்காமல் துணியால் துடையுங்கள். முதலில் கதவுகளைத் திறந்து காற்றாட விடுங்கள். துடைத்த இடம், மருந்து உறையில் சொன்ன நேரம் வரை ஈரமாக இருக்க வேண்டும். உடனே உலரத் துடைத்துவிடுவது வீண் வேலை. மறக்கப்படும் இடங்கள்: பெல்ட் கொக்கி, ஹெட்செட்டில் பேச அழுத்தும் பொத்தான், ஸ்ட்ரெச்சர் கைப்பிடியின் அடிப்பக்கம். ரத்தம் ஊறிய பெல்ட்டை நீங்களாகத் துவைக்காமல் பராமரிப்புப் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள்.

இறங்கும் மருத்துவமனையில் என்ன தயாராக இருக்க வேண்டும்? (அதே மேலாளர்)

லிஃப்டும் வழிநடையும் காலியாக இருக்க வேண்டும். நோயின் பெயர் நாங்கள் புறப்படும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹெலிகாப்டர் இறங்கும் மேல்தளத்தில், உடையைக் கழற்ற, தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பையோடு ஒரு மூடிய இடம் கொடுங்கள். உடையைக் கழற்றும்போதுதான் களைப்பில் கை முகத்துக்குப் போகும். பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்ல ஒருவரை நிறுத்துங்கள்.