பாட்டுக்கு இருநூறு பேர், பேச்சுக்குப் பதினான்கு பேர்

அன்புள்ள அண்ணா,

கொருக்குப்பேட்டையில் நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு மாலை எங்கள் தெருப் படிப்பகத்தில் வடசென்னை வரலாறு பற்றிக் கூட்டம் நடத்துகிறோம். முதல் மாதம் ஒரு பேராசிரியரை அழைத்து ராயபுரம் ரயில் நிலையம் பற்றிப் பேச வைத்தோம். வந்தது பதினான்கு பேர், அதில் ஒன்பது பேர் எங்கள் வீட்டு ஆட்கள். இரண்டாம் மாதம் கானா வைத்தோம். இருநூறு பேராவது இருக்கும், தெருவே அடைத்துவிட்டது. மறுநாள் படிப்பகத்துப் பெரியவர்கள் கூப்பிட்டு, "வரலாறு என்று சொல்லி இடம் வாங்கிவிட்டு சாவு வீட்டுப் பாட்டா வைக்கிறீர்கள்? இனி பேச்சு மட்டும் என்றால் சாவி தருகிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டையும் பிரித்துவிடலாமா? பேச்சுக்கு ஆள் வர என்ன செய்வது?

எஸ்., கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி,

பிரிக்காதீர்கள். படிப்பகத்துச் சாவி போனாலும் பரவாயில்லை, ஒரு மொட்டை மாடி கிடைக்காமலா போய்விடும்.

பெரம்பூரில் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லுக்குப் பக்கத்தில் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வணிகர்கள் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்று ஒரு சபை நடத்தி வந்தார்கள். சாமி கதை, பக்திச் சொற்பொழிவு நடக்கிற இடம், அவ்வளவுதான். ஆனால் கேட்க வந்தவர்களில் நிறையப் பேர் மில் தொழிலாளர்கள். சொற்பொழிவு கேட்க வந்த இடத்தில் அவர்கள் தங்கள் கஷ்டத்தையும் சொல்ல ஆரம்பித்தார்கள், மதியம் சாப்பிடக் கிடைப்பது அரை மணி நேரம்தான், அதற்குள் ஓடிப்போய்ச் சாப்பிட்டு ஓடிவர வேண்டும் என்பது மாதிரி. அந்த இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தமிழறிஞர் திரு.வி.க.வையும், அன்னி பெசன்ட்டோடு வேலை செய்துவந்த பி.பி.வாடியாவையும் அந்த மக்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இன்று சொல்கிறார்களே, அது நீங்கள் நடத்துவதைப் போன்ற ஒரு சின்னக் கூட்டத்திலிருந்து வந்ததுதான்.

கேட்க வந்தவர்களுக்கு அங்கே பேச இடம் இருந்தது, நான் அதில் பார்ப்பது இதைத்தான். உங்கள் முதல் கூட்டத்தில் பேராசிரியர் பேசி முடித்ததும் நன்றியுரை சொல்லி டீ கொடுத்து அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லாரும் அப்படித்தான் நடத்துகிறோம். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு முதல் ரயில் போனது, அதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் என்று பேராசிரியர் சொல்லியிருப்பார், சொல்ல வேண்டியதுதான். ஆனால் உங்கள் கொருக்குப்பேட்டையில் யார்டிலும் தண்டவாளத்திலும் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! மழையில் தண்டவாளம் என்ன ஆகும், இரவில் வண்டியை எப்படிக் கோர்ப்பார்கள், தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன் எதையெல்லாம் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார் என்று அவர்களில் ஒருவரைப் பேராசிரியருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால், அவர் பேசுவதைக் கேட்கவே அவர் தெரு மொத்தமும் வந்திருக்கும். மேடைப் பழக்கம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஏழுகிணறில் புராணச் சொற்பொழிவு செய்துவந்த அண்ணனுக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லை, அவருக்குப் பதிலாகப் போய் உட்கார்ந்த தம்பி பெரியபுராணம் சொல்ல, கேட்டவர்கள் அசந்துபோனார்கள் என்று வள்ளலார் வரலாற்றில் படிக்கிறோம். அந்தப் பையனும் மேடைப் பழக்கம் இல்லாமல்தான் போனான்.

சரி, கானாவுக்கு வருகிறேன். சாவு வீட்டுப் பாட்டு என்று பெரியவர்கள் சொன்னது உண்மைதான், அதை நீங்கள் மறுக்கவே வேண்டாம். மரண கானாவில் என்ன பாடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? செத்துப்போனவர் எந்தத் தெருவில் பிறந்தார், என்ன வேலை பார்த்தார், யாரைக் கட்டினார், பிள்ளைகள் யார் யார், சிநேகிதர்கள் யார், எப்படிப் போனார் என்று வீட்டு வாசலில் உட்கார்ந்து டேப் என்கிற தோல் வாத்தியத்தையும் பானையையும் தட்டிக்கொண்டு விடிய விடியப் பாடுகிறார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு மனிதரின் வாழ்க்கையை வேறு யார் இப்படி வரிசையாகச் சொல்லப் போகிறார்கள்? அதைச் சாவு வீட்டோடு விட்டுவிட வேண்டும் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று, படிப்பகத்துப் பெரியவர்களிடம் குணங்குடி மஸ்தான் சாகிபு பெயரைச் சொல்லிப் பாருங்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கி, 1838இல் மறைந்து, இங்கேயே அடக்கமானவர். தொண்டியார் இருந்த பேட்டை என்பதால்தான் தண்டையார்பேட்டை என்று நம் ஊரில் சொல்வார்கள். அவர் பாட்டைத் தமிழ் படித்தவர்கள் சித்தர் இலக்கியம் என்று மதிக்கிறார்கள். நம் பழைய கானாக்காரர்கள் அதையே மஸ்தான் பாட்டு என்று தலைமுறையாகப் பாடி வருகிறார்கள். மூன்றாம் மாதக் கூட்டத்தை அவர் பெயரில் வையுங்கள். ஒரு தமிழாசிரியர் ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்லட்டும், உடனே கானாக்காரர் அதைப் பாடட்டும், யாரிடம் கற்றார், எந்த வீட்டில் முதலில் பாடினார் என்று அவரே சொல்லட்டும். அப்புறம் அடுத்த பாட்டு. அந்தப் பெரியவர்களை முன்வரிசைக்குக் கூப்பிடுங்கள். கோபத்தில் சொன்னார்களே தவிர, அவர்களும் இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

பாடுகிறவரை எப்படி நடத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு நகரத்தின் தெற்கே ஒரு பெரிய பண்பாட்டு விழாவுக்கு எங்கள் தெரு கானா அண்ணன் ஒருவரை நான்தான் அழைத்துப் போனேன். நாலு மணிக்கு வரச் சொன்னார்கள், எட்டரை வரை மேடைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். மில் மூடியதைப் பற்றி அவர் புதிதாகக் கட்டிவந்த பாட்டு இருந்தது. "ஜாலியா ரெண்டு பாட்டு போதும்" என்றார்கள், இரண்டாவது பாட்டின் நடுவில் மைக்கை வாங்கிவிட்டார்கள். ஆட்டோ காசுகூடத் தரவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு கண்டிப்பு. பேச்சாளருக்கு எவ்வளவு தருகிறீர்களோ அதே தொகையைப் பாடுகிறவருக்கும் கொடுங்கள், டேப் அடிப்பவருக்குத் தனியாகக் கொடுங்கள், அழைப்பிதழில் அவர்கள் பெயரையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். பணம் இல்லையா, இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம் போதும்.

நேரத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். காசிமேட்டு மீனவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வாரத்திலேயே பெரிய வியாபார நாள், விடியுமுன்பே ஏலம் தொடங்கிவிடும், மாலையில் அசந்து தூங்குவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது வலை தைக்கிற இடத்துக்கே போய்க் கூட்டத்தை வையுங்கள், கை வேலை செய்துகொண்டே பேசுவார்கள். தெருக்கூத்து வைக்கிற ஆசை இருந்தால் மதியமே ஆரம்பித்துவிட வேண்டும். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, விடிய விடிய நடக்க வேண்டிய கூத்தைப் பத்து மணியோடு முடிக்கச் சொல்வதில் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, ரொம்ப வருத்தம் உண்டு, அதனால் எந்தக் கட்டத்தை எடுப்பது என்று வாத்தியாரோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஃபோனில் பதிவு செய்து, பேசியவர் வீட்டுக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

பி அண்ட் சி மில் பற்றிய கூட்டம் எப்போது வைத்தாலும் எனக்குச் சொல்லுங்கள். 1996இல் மூடும்வரை என் அப்பா அங்கேதான் இருந்தார். மில் சங்கு ஊதினால் எங்கள் அம்மா உலை வைப்பார். அப்பாவின் டோக்கன் இன்னும் என்னிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன். நான் பேச வரவில்லை, அவரோடு ஒரே ஷிப்டில் இருந்த இரண்டு பேர் புளியந்தோப்பில் இருக்கிறார்கள், அவர்களை ஆட்டோவில் கூட்டி வருகிறேன். படி ஏற முடியாது, கீழே வாசலில் நாற்காலி போட்டு வையுங்கள்.