ஸ்வார்தி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய ஆங்கில நாவல் ஒன்றை மொழிபெயர்த்துவருகிறேன். அதில் வரும் இத்தாலிய மாலுமியை ஆசிரியர் 'ஸ்வார்தி' என்று வர்ணிக்கிறார். அகராதியில் 'கருநிறமான' என்றிருக்கிறது. இத்தாலியர் வெள்ளையர் அல்லவா? இந்தச் சொல்லின் பொருள்தான் என்ன? எங்கிருந்து வந்தது?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

அகராதி சொல்வது தவறில்லை, ஆனால் போதாது. வேர் கறுப்புதான். ஜெர்மானியர் இன்றும் கறுப்பை 'ஷ்வார்ட்ஸ்' என்கிறார்கள். சுவீடன்காரர்களுக்கு அது 'ஸ்வார்ட்'. ஸ்காண்டிநேவியப் புராணத்தின் நெருப்பு அரக்கன் சுர்ட்டின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். 1963இல் ஐஸ்லாந்துக் கடலில் எரிமலை வெடித்து எழுந்த தீவுக்கு அவன் பெயரையே வைத்தார்கள். ஆங்கிலத்தில் மட்டும் அந்த இடத்தை 'பிளாக்' பிடித்துக்கொண்டது. பழைய சொல் பெரும்பாலும் மனிதரின் தோலைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒதுங்கி, பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'ஸ்வார்தி' என்று உருமாறியது.

இனி உங்கள் உண்மையான கேள்வி. 1751இல் அமெரிக்க அறிஞரும் அரசியல்வாதியுமான பெஞ்சமின் பிராங்க்ளின் மக்கள்தொகை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஸ்பானியர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், சுவீடன்காரர் எல்லோரும் பொதுவாக 'ஸ்வார்தி' நிறத்தவர் என்கிறார் அதில். சாக்சன்கள் என்ற வடஜெர்மானிய இனத்தார் நீங்கலாக ஜெர்மானியரும் அப்படித்தானாம். உலகின் வெள்ளையரில் பெரும்பகுதி அவருக்கு ஆங்கிலேயரும் சாக்சன்களுமே. சுவீடன்காரரின் தோலைக் கண்ணால் பார்த்த எவரும் இப்படி எழுத முடியாது. பிராங்க்ளின் வாழ்ந்த பென்சில்வேனியாவில் ஜெர்மானியர் பெருகி ஆங்கிலேயரை விழுங்கிவிடுவார்கள் என்ற அச்சம் அவரை ஆட்டியது. அந்த அச்சம்தான் அவர்கள் முகத்தில் கருமையைப் பூசியது. அதே கட்டுரையில் ஜெர்மானியரை நாகரிகமற்ற குடியானவர்கள் என்றும் பழித்திருந்தார். பின்வந்த பதிப்புகளில் இந்தப் பகுதிகள் நீக்கப்பட்டன. ஆனாலும் 1764 பென்சில்வேனியச் சட்டமன்றத் தேர்தலில் எதிரிகள் அந்த வசையைத் தோண்டியெடுத்து ஜெர்மானிய வாக்காளர்களிடம் கொண்டுபோனார்கள். அவர் தோற்றார்.

ஆகவே இந்தச் சொல் தோலை அளக்கும் அளவுகோல் அல்ல. பேசுபவர் 'இவன் நம்மவன் இல்லை' என்று கிழிக்கும் கோடு. பழைய சாகசக் கதைகளில் கடற்கொள்ளையருக்கும் கடத்தல்காரருக்கும் இதை எத்தனை தாராளமாக ஒட்டினார்கள் என்று கவனியுங்கள். நிறத்தோடு சந்தேகமும் சேர்ந்தே வருகிறது. இன்றைய ஆங்கிலத்திலும் அந்தக் கறை போகவில்லை. ஒருவரை நேரில் அப்படிச் சொன்னால் புண்படுவார்.

உங்கள் மாலுமிக்கு வருவோம். 'கறுப்பன்' என்றால் வாசகர் ஆப்பிரிக்கரை நினைத்துக்கொள்வார். 'மாநிறம்' சாதுவான சொல், ஆசிரியரின் விலக்கத்தை மறைத்துவிடும். நான் 'கருமையோடிய முகம்' என்று எழுதுவேன். அதற்கு முன் அவனை அப்படிப் பார்ப்பது கதைசொல்லியா, இன்னொரு பாத்திரமா என்று அந்தப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். பாத்திரத்தின் வாயிலிருந்து ஏளனமாக வருகிறது என்றால் இதைவிடக் கடுமையான சொல்லைப் போடவும் தயங்க வேண்டாம்.