வாசகர் கேள்வி பதில்: பர்கண்டியின் திராட்சைச் சரிவுகளில் சைக்கிள்

கேள்வி: பிரான்சின் ஒயின் வட்டாரமான பர்கண்டியில் மூன்று நாள் சாலை சைக்கிள் ஓட்டத் திட்டம். டிஜோனிலிருந்து தெற்கே டி974 சாலையைப் பிடித்தால் பேர்பெற்ற ஊர்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும் என்கிறார்கள். அதிலேயே போகலாமா?

பதில்: ஊர்கள் வரும், அமைதி வராது. டி974 லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. அந்த நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் வழி தானாகத் தெரியும். சரிவு கிழக்கு பார்த்தது. உச்சியில் காடு. நடுச்சரிவில் நீர் நன்றாக வடியும், வெயிலும் படும், அங்கேதான் மிக உயர்ந்த தரத் தோட்டங்கள். கீழே சமதளத்தில் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும். ஆகவே சாலையை விட்டு மேற்கே கொஞ்சம் மேலேறினால் போதும், வண்டிச் சத்தம் அடங்கிவிடும்.

டிஜோனை ஒட்டிய ஷெனோவிலிருந்து வூஜோ வரை டி122 சாலை. ஃபிக்ஸென், ஜெவ்ரே-ஷம்பெர்தென், மோரே-சென்-தெனி, ஷம்போல்-முசிஞி என்று நடுச்சரிவிலேயே போகிறது. முதல் நாளுக்கு இது. இரண்டாம் நாள் போன் நகரிலிருந்து 'வ்வா தே விஞ்' என்ற சைக்கிள் வழி. பொமார், வொல்னே, மெர்ஸோ, புலிஞி-மோன்ராஷே வழியாக சான்த்னே வரை ஏறத்தாழ 22 கி.மீ. வந்த வழியே திரும்பாதீர்கள். சான்த்னேயிலிருந்து நோலே, வண்ண ஓட்டுக் கூரைக் கோட்டை தெரியும் லா ரோஷ்போ, பாறைச் சுவருக்கு அடியில் இருக்கும் சென்-ரொமென், அங்கிருந்து இறங்கி மெர்ஸோ வழியாக மறுபடி போன் நகர். மொத்தம் 60 கி.மீ. அளவு வரும். மேற்குப் பக்க மேட்டு நிலம் இது. கூட்டம் மிகக் குறைவு, எங்களைக் கேட்டால் மூன்று நாளில் சிறந்த நாள் இதுதான்.

மூன்றாம் நாள் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கி.மீ. பழைய ரயில் பாதை, 1997-ல் பிரான்சின் முதல் 'வ்வா வெர்த்' (மோட்டார் வண்டிகள் வராத பசுமை வழி) ஆகத் திறக்கப்பட்டது. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றம் மிக மென்மை, குழந்தைகளோடும் போகலாம். க்ளூனியைத் தாண்டி மாகோன் பக்கம் போனால் 1.6 கி.மீ. நீள புவா க்ளேர் சுரங்கம் வரும். உள்ளே வெயில் காலத்திலும் குளிரும், ஒரு மேலாடையும் விளக்கும் கையில் இருக்கட்டும். வவ்வால்களுக்காகக் குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள். அப்போது குன்றின் மேலேறித்தான் கடக்க வேண்டும்.

காகித வரைபடம் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: மிஷ்லென் வரைபடத்தில் சிவப்புச் சாலைகளைத் தவிருங்கள், மஞ்சளைக் கடக்க மட்டும் பயன்படுத்துங்கள், வெள்ளையில் ஓட்டுங்கள். ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் காட்சியும் நன்றாக இருக்கும்.

கேள்வி: 25 மி.மீ. டயர், கியரில் முன்னால் 39 பல், பின்னால் 25 பல். போதுமா?

பதில்: இரண்டும் போதாது. முதலில் டயர். தோட்டங்களுக்கு இடையில் போகும் வழிகள் டிராக்டருக்காகப் போட்டவை. கான்கிரீட் பலகைகளின் இணைப்பு மேடுகள், மழைநீர் ஓடக் குறுக்கே வெட்டிய கால்வாய்கள், ஓரத்தில் சரளை. ஒல்லி டயர் கால்வாய் விளிம்பில் மோதினால் டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். 28 மி.மீ. குறைந்தபட்சம், சைக்கிளின் சட்டம் (ஃபிரேம்) இடம் கொடுத்தால் 32. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 32 மி.மீ. டயரில் முன்னால் 50, பின்னால் 55 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் தொடக்க அளவு. பின்னால் மூட்டை இருந்தால் பின் டயரில் மட்டும் 5 கூட்டுங்கள்.

கியர் கணக்கு: 39-25ல் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 3.3 மீட்டர் நகர்வீர்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு 12 கி.மீ. போயாக வேண்டும். சரிவில் மேற்கே ஏறும் குறுக்குச் சந்துகளில் அந்த வேகம் கிடைக்காது, முழங்கால்தான் விலை கொடுக்கும். 34-32 இருந்தால் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர். அதே 60 சுற்றில் மணிக்கு 8 கி.மீ., மூச்சு வாங்காமல் ஏறலாம். பின் கேசட்டை (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) மாற்றும்போது, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டெரைலியர் 32 பல்லைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று இரண்டையும் பாருங்கள். நீளம் குறைந்த செயினை முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்தில் போட்டால் டெரைலியரே பிய்ந்து வரும்.

அங்கேயே வாடகைக்கு எடுப்பவர்கள் கிளம்பும் முன் பிரேக்கைச் சோதியுங்கள். பிரான்சில் பொதுவாக இடக்கைப் பிடிதான் முன் பிரேக். வலக்கை முன் பிரேக்குக்குப் பழகியவர் பதற்றத்தில் இடக்கையை இறுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: சென்ற முறை தோட்ட வழிகளில் ஒரே நாளில் மூன்று பஞ்சர். டயர் புதியதுதான். ஏன்?

பதில்: கொடிகளைக் கட்டும் கம்பியின் துண்டுகள்தான் காரணமாக இருக்கும். குளிர்காலக் கவாத்து முடிந்து கம்பிகளைச் சீர் செய்யும்போது நறுக்கிய முனைகள் வழியில் சிந்தும். டியூபை மட்டும் மாற்றினால் டயருக்குள் தங்கிய கம்பி புதிய டியூபையும் குத்தும். பழைய டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்வை அடையாளமாக வைத்து, டயரில் அதே இடத்தைத் துணியால் உட்புறம் தடவுங்கள். விரலால் தடவாதீர்கள், கிழிக்கும். துணி சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும், வெளிப்பக்கமாகத் தள்ளி எடுங்கள். அதன் பிறகே புது டியூப்.

கையில் இருக்க வேண்டியவை: டியூப் 2, ஒட்டு, டயர் கழற்றும் லீவர் 2, பம்ப், அறுந்த செயினை இணைக்க உங்கள் செயினுக்குப் பொருந்தும் குயிக் லிங்க், டெரைலியரைச் சட்டத்தோடு பிடிக்கும் ஹேங்கர் ஒன்று. 11 வேகச் செயினின் லிங்க் 12 வேகத்தில் பொருந்தாது. ஹேங்கர் ஒவ்வொரு சட்டத்துக்கும் தனி வடிவம், எந்தக் கடையிலும் உடனே கிடைக்காது. ஞாயிறும் திங்களும் பெரும்பாலான சைக்கிள் கடைகள் திறக்காது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: கிராமங்களில் தண்ணீரும் சாப்பாடும் எங்கே கிடைக்கும்?

பதில்: தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்கு ஊற்றவென்று அங்கே குழாய் இருக்கும், அனுபவமுள்ள பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் அங்கேதான் நிரப்புவார்கள். 'ஓ நோன் பொதாப்ல்' என்று பலகை இருந்தால் குடிக்கக் கூடாத நீர். தோட்ட ஓரங்களில் மருந்துத் தொட்டி நிரப்பும் குழாய்கள் உண்டு, அவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

சாப்பாட்டில் நேரம்தான் முக்கியம். மதிய உணவு 12 மணிக்குத் தொடங்கும், ஒன்றரைக்குப் பின் வந்தவருக்குச் சமையலறை மூடியிருக்கும். கடைகளும் அந்த நேரத்தில் பூட்டியிருக்கும். காலையிலேயே ரொட்டிக் கடையில் மதியத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி: போக்குவரத்து விதிகளில் எது புதியவர்களைச் சிக்க வைக்கும்?

பதில்: வலப்பக்க முன்னுரிமை. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும், அது டிராக்டர் வரும் குறுகிய சந்தாக இருந்தாலும். மஞ்சள் சாய்சதுரப் பலகை கண்டால் முன்னுரிமை உங்கள் சாலைக்கு. அதன் மேல் கறுப்புக் கோடு கிடந்தால் முடிந்தது. சிவப்பு விளிம்பு முக்கோணத்தில் கறுப்புப் பெருக்கல் குறி என்றால் அடுத்த சந்திப்பில் வலப்பக்கம் பாருங்கள்.

காதில் இயர்போன் 2015 முதல் தடை, அபராதம் 135 யூரோ. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். ஊருக்கு வெளியே இரவிலும் மங்கலான வெளிச்சத்திலும் ஒளிர் மேலங்கி கட்டாயம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிளுக்கும் உண்டு. ஆகவே ஒயின் ருசி பார்க்கும் இடத்தில் துப்பும் பாத்திரத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள், அங்கே யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: மே பிற்பாதியும் ஜூனும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். ஆனால் மழைக்கு மறுநாள் மருந்தடிப்பு நடக்கும். அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை என்ற செம்பு மருந்து, சாம்பல் நோய்க்குக் கந்தகம். கொடி வரிசையின் மேலே கவிந்து ஓடும் உயரமான டிராக்டரைக் கண்டால் காற்று வீசி வரும் பக்கமாக நின்று, அது கடந்த பின் போங்கள். அது அவர்களின் வேலை நேரம், வழியும் அவர்களுடையது.

செப்டம்பரில் அறுவடை. அறைகள் நிரம்பிவிடும், டிராக்டர்கள் களிமண்ணைச் சாலையில் பூசிவிடும். ஈரமான சுண்ணாம்புக் களி பசை போன்றது. பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தை நிறுத்திவிடும், ஒரு சிறு குச்சி கையில் இருந்தால் சுரண்டிவிடலாம். அக்டோபரில் இலைகள் மஞ்சளாகும், சாலைகள் மறுபடி காலியாகும். ஆனால் அது வேட்டைக் காலம். மேட்டுக் காடுகளில் 'ஷாஸ் ஆன் கூர்' (வேட்டை நடக்கிறது) பலகை தெரிந்தால் பளிச்சென்ற நிறத்தில் மேலாடை போட்டு, தார்ச்சாலையை விட்டு விலகாதீர்கள்.

கேள்வி: இரண்டு பாட்டில் ஒயின் வாங்கிப் பையில் வைத்து ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். நிறைந்த பாட்டில் ஒன்று 1.2 கிலோவுக்கு மேல். அந்த ஆட்டமும் வெயிலும் ஒயினுக்கும் ஆகாது. முகவரி கொடுத்தால் தபாலில் அனுப்பும் தோட்டங்கள் பல உண்டு, வாங்கும்போதே கேளுங்கள்.

கேள்வி: ரயிலில் சைக்கிள்?

பதில்: டிஜோனுக்கும் போன் நகருக்கும் இடையே ஓடும் டி.இ.ஆர். வட்டார ரயிலில் பிரிக்காமல் ஏற்றலாம். கால அட்டவணையில் 'கார்' என்று போட்டிருந்தால் ரயில் இல்லை, பேருந்து. அதில் சைக்கிளுக்கு இடம் கிடைக்காமல் போகலாம். டி.ஜி.வி. அதிவேக ரயிலில் சக்கரங்களைக் கழற்றி 130×90 செ.மீ. பைக்குள் அடக்க வேண்டும். டெரைலியரையும் கழற்றி அட்டையில் சுற்றிச் சட்டத்தின் உள்ளே கட்டிவிடுங்கள், ஹேங்கர் வளைவது பெரும்பாலும் இந்தப் பையில்தான்.