வாசகர் கேள்வி: நெப்போலியனின் தளபதி நம் பக்கம் வந்தாரா?

கேள்வி: மகள் உயர்தரத்துக்கு ஐரோப்பிய வரலாறு படிக்கிறாள். நெப்போலியனின் தளபதிகள் யாரும் இந்தியா, இலங்கைப் பக்கம் வரவேயில்லையா என்று கேட்கிறாள். (வாசகி, கல்லடி)

பதில்: வந்தார், ஷார்ல் தெக்கான் என்பவர். நெப்போலியனின் புகழ்பெற்ற மார்ஷல்களான மிஷேல் நெய், முரா அளவுக்குப் பெயர் அடிபடாது, ஆனால் நம்மவர்கள் முதலில் அறிய வேண்டியவர் இவர்தான் என்பேன். நெப்போலியன் பிறந்த அதே 1769இல் நோர்மண்டியில் பிறந்தவர். 1800 டிசம்பர் 3இல் ஜெர்மனியில் நடந்த ஹோகன்லிண்டன் போரில் ஒரு படைப்பிரிவை நடத்தி ஒஸ்திரியர்களைத் தோற்கடிப்பதில் பெரும்பங்கு வகித்தார்.

1802இல் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே அமியான் சமாதானம் வந்தது. ஒல்லாந்தரின் இலங்கைப் பகுதிகள், அதாவது மட்டக்களப்பும்தான், ஆங்கிலேயருக்கே என்று முடிவானது அதில்தான். அதே உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தது, அதைப் பொறுப்பேற்கத்தான் நெப்போலியன் தெக்கானை அனுப்பினார். 1803 ஜூலையில் கப்பல்கள் வந்து சேர்ந்தால் கரையில் இன்னும் ஆங்கிலேயக் கொடி, பக்கத்திலேயே அவர்களுடைய கடற்படை! மறுபடியும் போர் மூளப்போகிறது என்று தெரிந்ததும் நங்கூரங்களைக்கூட விட்டுவிட்டு இரவோடிரவாகக் கிளம்பி, இன்றைய மொரீசியஸுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே 7 வருடம் ஆட்சி. பிரான்சிலிருந்து உதவி சரியாக வராத நிலையிலும் தீவைக் காத்தார், சட்டங்களைத் தொகுத்தார், மாஹேபூர் நகரை உருவாக்கினார். ஆனால் அடிமை முறையையும் அவர்தான் கட்டிக் காத்தார், அதை நான் மன்னிக்கமாட்டேன். ஆங்கிலேய மாலுமி மத்தியூ பிளிண்டர்ஸ் விஷயமும் அப்படித்தான். ஆஸ்திரேலியக் கரையை அளந்துவிட்டு ஓட்டை ஒழுகலான சின்னக் கப்பலில் உதவி தேடி வந்த மனிதர் அவர், கையிலிருந்த பிரெஞ்சு அனுமதிப் பத்திரமோ வேறொரு கப்பலின் பெயருக்கு. ஒற்றன் என்று சந்தேகித்துப் பிடித்து வைத்தார் தெக்கான். இடையில் சாப்பிட வரச் சொல்லி அழைப்பும் அனுப்பினார், பிளிண்டர்ஸ் விடுதலையான பிறகு வருகிறேன் என்று மறுத்துவிட்டார். அந்த ரோசம் தெக்கானுக்குப் பொறுக்கவில்லை. பாரிஸிலிருந்து விடுவிக்கும்படி உத்தரவு வந்த பிறகும், தீவின் பலவீனம் வெளியே தெரிந்துவிடும் என்று 1810 வரை வைத்திருந்தார். ஆறரை வருடம், சும்மா இல்லை.

1810 ஆகஸ்டில் தீவை ஒட்டி நடந்த கிராண்ட் போர்ட் கடற்போரில் பிரெஞ்சுக்காரர் வென்றார்கள். ஆனால் நவம்பர் கடைசியில் இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் திரட்டிய பெரும்படை இறங்கியது, டிசம்பர் 3இல் தெக்கான் சரணடைந்தார், ஹோகன்லிண்டன் வெற்றிக்குச் சரியாகப் பத்தாண்டு கழித்து. இங்கேதான் அவருடைய திறமை தெரிகிறது: தோற்றும் தன் படையைக் கைதிகளாக்காமல் பிரான்சுக்கு அழைத்துப் போனார், தீவு மக்களின் சட்டம், மதம், வழக்கங்கள் அப்படியே இருக்கும் என்றும் எழுதி வாங்கினார். அப்புறம் ஸ்பெயினின் கட்டலோனியாவில் படை நடத்தினார், 1832இல் கொலராவில் இறந்தார்.

கேள்வி: மட்டக்களப்புக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் எப்போதாவது இருந்ததா? (மாணவர், அக்கரைப்பற்று)

பதில்: இல்லை. போர்த்துக்கேயரிடமிருந்து 1638இல் ஒல்லாந்தர் எடுத்தார்கள், அவர்களிடமிருந்து 1795இல் ஆங்கிலேயர். 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் பக்கத்திலுள்ள திருகோணமலையைப் பிடித்தார். சமாதானம் ஆனதும் அதுவும் ஒல்லாந்தருக்கே திரும்பிப் போனது.