வீட்டு லிஃப்ட்டின் இரண்டு கதவுக்கு நடுவே சிக்கிய பேரன்: கம்பெனிக்குப் பொறுப்பில்லையா?

கேள்வி: மதுரையில் சொந்த வீடு, இரண்டு மாடி. மனைவிக்கு முழங்கால் தேய்மானம் என்று 9 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கொடுத்து லிஃப்ட் போட்டோம். போட்டு 2 வருடம் 8 மாதம் ஆகிறது. போன மாதம் லீவுக்கு வந்த 3 வயதுப் பேரன் வெளிக்கதவைத் திறந்து, உள்ளே உள்ள மடக்கு கேட்டைத் திறக்கத் தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டான். வெளிக்கதவு தானாக மூடிக்கொண்டது. அழுகைச் சத்தம் கேட்டு மருமகள் ஓடிப்போய் இழுத்துவிட்டாள். கம்பெனியில் கேட்டால், "வாரண்டி முடிஞ்சுபோச்சு, ஏ.எம்.சி.யும் (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கல, பிள்ளையைப் பார்த்துக்கறது உங்க பொறுப்பு" என்கிறார்கள். தகராறு எதுவானாலும் சென்னையில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்வது) என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வழக்குப் போடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஐயா, வழக்கு அப்புறம். முதலில் லிஃப்ட்டின் மெயின் சுவிட்சை இறக்கி, அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போடுங்கள். உங்கள் மனைவியின் படுக்கையைக் கீழ் அறைக்கு மாற்றிவிடுங்கள். ஆபத்து இருப்பது இன்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தபின்னும் ஓட்டி, வேலைக்கு வருபவரின் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், தன் வசமுள்ள இயந்திரத்தில் ஆபத்தைத் தடுக்கத் தவறியதற்காக பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் பிரிவு 289 உங்கள் மீதே பாயும்.

உங்கள் பேரன் நின்ற இடம் எப்படி உண்டாகிறது தெரியுமா? 9 அங்குலச் சுவரில், பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று கதவுச் சட்டத்தை வெளி ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். உள்ளே கேபினின் மடக்கு கேட் தனியாக நிற்கிறது. நடுவில் ஒரு குழந்தை நிற்கும் அளவுக்கு இடைவெளி. வெளிக்கதவு பூட்டிக்கொண்டதும் எல்லாம் சரி என்றுதான் லிஃப்ட் எடுத்துக்கொள்ளும். மாடியில் ஒருவர் பட்டனை அழுத்தினால் போதும், குழந்தை நடுவில் நிற்கும்போதே லிஃப்ட் நகர்ந்துவிடும். அமெரிக்காவில் இதே இடைவெளியில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அங்குள்ள நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் ஒரு லிஃப்ட் நிறுவனத்தின் மீது வழக்கே தொடுத்தது. 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் அடைக்க வேண்டும் என்பது அவர்கள் தரும் எச்சரிக்கை. இந்தத் தொழிலில் இருப்பவர் "எங்களுக்குத் தெரியாதே" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே அளந்து பாருங்கள். வெளிக்கதவின் உட்புறத்திலிருந்து மடக்கு கேட்டின் மடிப்பு உள்ளே போகும் ஆழம் வரைக்கும் டேப்பைப் பிடியுங்கள். மடிப்பின் முனையோடு நிறுத்தினால் கணக்கு குறைத்துக் காட்டும். மூன்று தளத்திலும், எண் தெரியும்படி போட்டோவும் வீடியோவும் எடுத்துவையுங்கள். கொத்தனார் தப்பாகச் சுவர் கட்டினார் என்று கம்பெனி சொல்லப்போகிறது. அதனால் அவர்கள் கொடுத்த சிவில் டிராயிங்கைத் தேடி எடுங்கள். கதவு எங்கே வரவேண்டும் என்று வரைந்தது அவர்களா இல்லையா என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. சுவர் தப்பாக இருந்திருந்தாலும், அதைப் பார்த்துவிட்டு அதிலேயே லிஃப்ட்டை மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டுப் போனவர்கள் அவர்கள்தானே?

இனி சட்டம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே உண்டு. ஆனால் அதில் இழப்பீடு கேட்க, காயமோ உயிரிழப்போ சட்டம் சொல்லும் வேறு தீங்கோ நடந்திருக்க வேண்டும். பேரனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் காப்பாற்றினார். அந்த வழி நமக்கு வேண்டாம். பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு, ஆபத்தானது என்று தெரிந்தே விற்றது, இந்த மூன்றையும் வைத்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடுங்கள். இதற்கு யாரும் அடிபட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. குறையைச் சரிசெய்து தா, இல்லையென்றால் மாற்றித் தா, அதுவும் முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தா என்று பிரிவு 39-இன் கீழ் கேட்கலாம்.

ஏ.எம்.சி. என்பது தேய்கிற, பழுதாகிற பாகங்களுக்கு. இந்த இடைவெளி முதல் நாளே இருந்தது. வாரண்டி முடிந்த தேதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எனக்குக் கவலை காலவரம்பு பற்றித்தான். வழக்குப் போடுவதற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு என்கிறது பிரிவு 69. லிஃப்ட் போட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஆபத்து எங்களுக்குத் தெரிந்ததே போன மாதம்தான் என்பது நம் பதில். ஆனாலும் அதை மட்டும் நம்பி இராமல், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் கூடவே போட்டுவிடுங்கள். இனி ஒரு மாதம்கூடத் தள்ளாதீர்கள்.

ஆர்பிட்ரேஷன் ஷரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அது இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எமார் எம்.ஜி.எஃப். - அஃப்தாப் சிங் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 முதல் 10 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் 200 ரூபாய்தான்.

இன்னொன்று. 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு லிஃப்ட் சட்டத்தின்படி உரிமம் வாங்கியிருக்கிறார்களா என்று ஃபைலைப் பாருங்கள். "வீட்டு லிஃப்ட்டுக்கு அதெல்லாம் வேண்டாம் சார்" என்று சொல்லியிருந்தால் நம்பாமல், மின் ஆய்வாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுநாளே ஒரு டெக்னீஷியன் வந்து, "இடைவெளியை அடைச்சுத் தர்றேன்" என்று நிற்பார். அடைக்கட்டும், நல்லதுதான். ஆனால் என்ன அளவு இருந்தது, எதைப் பொருத்தினோம், ஏன் பொருத்தினோம் என்று கம்பெனி லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அந்தப் பூட்டின் சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டும்.